ஓர் அத்தாவின் சித்திரக்கதைகள்



மார்க்கக் கேள்விகளுடன் என்னைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் வாரிசுரிமை, வங்கி வட்டி, ஷிஃப்ட் நேரத்தில் தவறிப்போகும் ஜும்ஆ ஆகியவற்றைப் பற்றியே கேட்பார்கள். மண்ணூரைச் சுற்றியுள்ள வாடகை அறைகளில் தங்கி, ஒரகடத்திற்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் கம்பெனி பேருந்தில் சென்று வரும் இளைஞர்களே அவர்களில் அதிகம். அத்தகைய தம்பி ஒருவர் சென்ற ஆண்டு கேட்ட கேள்வி எனக்கு முற்றிலும் புதியது. "ஹஜ்ரத், எங்க அத்தா சேர்த்து வெச்ச காமிக்ஸ் எல்லாத்தையும் இன்டர்நெட்ல எல்லாருக்கும் இலவசமாப் போட்டுட்டா, அது அவங்களுக்கு ஸதகத்துல் ஜாரியாவா ஆகுமா?"

அவருடைய தந்தை இராமநாதபுரம் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, முடிச்சூரில் தையற்கடை வைத்திருந்தவர். சிறுவயது முதலே சித்திரக்கதைப் புத்தகங்களைச் சேர்த்து வந்திருக்கிறார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டிகளில் பாதிக்கு மேல் ஊறிப்போயின. மிஞ்சியவற்றை உலர்த்தி, பின்களைக் கழற்றி, பழைய ஸ்கேனர் ஒன்றை வாங்கி, இரவுகளில் பக்கம் பக்கமாக அவரே கணினியில் ஏற்றியிருக்கிறார். மறுபக்கத்து மை ஊடுருவித் தெரியாதிருக்க ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் ஒரு கறுப்பு அட்டையை வைத்தாராம். ஏறத்தாழ 430 புத்தகங்கள். பணி முடிந்த சில மாதங்களில் அவர் வஃபாத் ஆகிவிட்டார். மகனிடம் எஞ்சியிருப்பது ஒரு ஹார்ட் டிஸ்க் மட்டுமே.

ஒருவர் இறந்த பின்னரும் அவருக்கு நன்மை சேர்க்கும் மூன்றைப் பற்றிய நபிமொழியை நாம் அறிவோம்: நிலைத்து நிற்கும் தருமம், பயன் தரும் கல்வி, துஆச் செய்யும் பிள்ளை. மூன்றாவதாக இருந்துகொண்டே முதலாவதையும் தந்தைக்குச் செய்துவிட வேண்டும் என்பது அந்தப் பிள்ளையின் ஆசை. ஹார்ட் டிஸ்கை என்னிடம் தந்து, "பார்த்துட்டுச் சொல்லுங்க ஹஜ்ரத்" என்றார்.

பார்க்கத்தான் வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில் மக்தப் வகுப்புகளை இணையவழியில் நடத்துவதற்காக வாங்கிய மேசைக் கணினி ஒன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. கோப்புகளின் பெயர்கள் 'சிபிஇசட்' என்றும் 'சிபிஆர்' என்றும் முடிந்திருந்தன. பெயர்தான் மிரட்டுகிறது, உள்ளே இருப்பது எளிமையானது. படங்களை ஒரு ஜிப் பொதியில் கட்டி, அதன் வால்பெயரை மாற்றினால் முதலாவது வகை. 'ரார்' பொதியில் கட்டினால் இரண்டாவது. சுமத்ராபிடிஎஃப் என்னும் சிறிய இலவச மென்பொருள் இரண்டையும் திறந்துவிடுகிறது. எங்களுடையதைப் போன்ற பழைய கணினிக்கும் அது சுமையாக இல்லை. ஒரே ஒரு தொல்லை. சில மென்பொருள்கள் பக்கங்களை எண்ணாகப் பாராமல் எழுத்தாகப் பார்த்து அடுக்குகின்றன. ஆகவே 1-க்கு அடுத்து 10 வந்துவிடும், 2 பின்தங்கிவிடும். திருடன் யாரென்று தெரிவதற்கு முன்பே அவன் கையில் விலங்கு பூட்டப்பட்டிருக்கும்! 01, 02 என்று முன்னால் ஒரு சுழியம் இட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடுகிறது. அந்த அத்தா ஒவ்வொரு பக்கத்திற்கும் 001 என்றே பெயரிட்டிருந்தார். தையற்காரரின் அளவு நாடா ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் கோப்பைத் திறந்தபோதே என் பிள்ளைகள் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். 'இரும்புக்கை மாயாவி'. சிவகாசியில் சௌந்தரபாண்டியன் 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் கதை. மூலக்கதை பிரிட்டனின் 'வேலியண்ட்' இதழில் 1962-இல் தொடங்கியது. ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டவர். ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல், உடலில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவான். கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஆங்கில வழிப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகன், தமிழ்ப் பாடநூலின் ஒரு பத்தியை வாசிக்க ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்பவன். அன்று எழுத்துக்கூட்டியாவது முப்பது பக்கங்களை முடித்தான். 'மின்னதிர்ச்சி' என்ற சொல்லைக் கண்டு நின்று, பொருள் கேட்டு, மேலே சென்றான்.

நம் குடும்பங்களில் ஒரு சங்கடம் உண்டு. குர்ஆன் ஓதுவதற்கு அரபி எழுத்து, பள்ளிக்கு ஆங்கிலம், சில வீடுகளில் பேச்சுக்கு உருது. எழுதும் தமிழ் நான்காவதாக நிற்கிறது. எனவே இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. இன்னொன்றையும் கவனித்தேன். கைப்பேசியில் ஆளுக்கொரு மூலையில் குனிந்திருக்கும் பிள்ளைகள், மேசைக் கணினியின் முன்னால் ஒரே பாயில் அமர்ந்தார்கள். ஒருவர் வாசிக்க, ஒருவர் பக்கம் தள்ள, சின்னவள் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மற்றவர்களுக்கு முன்பாகவே சிரித்தாள்.

உருவப் படங்களைப் பற்றிய ஐயம் சிலருக்கு எழும். எனக்கும் பெற்றோர்களிடமிருந்து அந்தக் கேள்வி வந்தது. உருவம் வரைவதைக் குறித்த எச்சரிக்கைகள் ஹதீஸ்களில் வலுவாகவே உள்ளன. அதே வேளையில், ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மைகளுடன் விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை என்பதும், அவற்றில் ஒன்று இறக்கை கொண்ட குதிரை என்பதும் ஹதீஸ் நூல்களிலேயே உள்ளது. நிழல் விழாத தட்டைப் படங்களைத் தடை என்னாமல் விரும்பத்தகாதவை என்ற அளவில் நிறுத்திய அறிஞர்கள் மாலிக்கி மத்ஹபில் உண்டு. திரையில் தோன்றி மறைவதைக் கண்ணாடிப் பிம்பத்திற்கு ஒப்பிட்ட சமகால உலமாக்களும் உண்டு. கடுமையான கருத்தைப் பின்பற்றும் வீட்டாரை நான் குறை கூறமாட்டேன். எங்கள் வீட்டில், சுவரில் மாட்டுவதில்லை, தொழும் நேரத்தில் திரை அணைந்திருக்க வேண்டும் என்ற வரம்புகளோடு அனுமதித்தோம்.

படம் என்பதைவிடப் படத்தில் என்ன இருக்கிறது என்பதே என்னை அதிகம் வருத்தியது. 430 புத்தகங்களையும் பிள்ளைகளிடம் அப்படியே தந்துவிட முடியாது. கிளுகிளுப்பான ஓவியங்கள் கொண்டவற்றை நானும் என் மனைவியும் அமர்ந்து வேறொரு ஃபோல்டருக்கு மாற்றினோம். அதைவிட நுட்பமானது மேற்கத்தியக் கதைகளில் வரும் அரபிகள். வளைந்த மூக்கு, வளைந்த வாள், அடிமை வாணிபம். நம் பிள்ளைகள் இரும்புக்கை மாயாவியின் பக்கம் நின்று, தலைப்பாகை அணிந்தவர்களை அடித்து வீழ்த்துவதைக் கைதட்டிப் பார்க்கிறார்கள்! அத்தகைய பக்கத்தை நான் மறைக்கவில்லை. நிறுத்தி, "இதை வரைந்தவர் எந்த அரபியையாவது நேரில் பார்த்திருப்பாரா?" என்று கேட்டேன். "பாத்திருந்தா ஒரே மாதிரி மூக்கு எல்லாருக்கும் வரைஞ்சிருக்க மாட்டார்" என்றாள் மூத்தவள். குவைத்தின் உளவியலாளர் நாயிஃப் அல்முத்தவ்வா 2006-இல் 'தி 99' என்ற தொடரைத் தொடங்கியதும், 2014-இல் கமலா கான் என்னும் முஸ்லிம் சிறுமிக்கு அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் தனி இதழ் கண்டதும் இந்தக் குறையை உணர்ந்து நடந்த முயற்சிகளே. முன்னதற்கு முஸ்லிம் நாடுகளுக்குள்ளேயே கடும் எதிர்ப்பும் இருந்தது.

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நான் அவருக்கு மகிழ்ச்சி தரும் பதிலைச் சொல்லவில்லை.

"தம்பி, தாள் உங்க அத்தாவுடையது. உழைப்பும் அவருடையது. ஆனா அந்தக் கதையைப் பெருக்கி ஊருக்குக் கொடுக்கிற உரிமை இன்னொருத்தர்கிட்ட இருக்கு. தருமம் நம்ம பொருளிலிருந்துதான் கொடுக்கணும்" என்றேன். எழுத்துரிமையைச் சொத்தாக ஏற்பதில் முந்தைய தலைமுறையின் தேவ்பந்த் உலமாக்களில் சிலருக்குத் தயக்கம் இருந்தது உண்மைதான். அறிவை மறைத்து வைப்பதாகிவிடுமோ என்று அஞ்சினார்கள். எனினும் 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலாசிரியரின் உரிமையும் கண்டுபிடிப்பாளரின் உரிமையும் பொருள் மதிப்புள்ளவை, ஷரீஅத்தின் பாதுகாப்புக்குரியவை, அவற்றை மீறலாகாது என்று தீர்மானித்தது. நாட்டுச் சட்டமும் அவ்வாறே. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாக ஆசிரியரின் ஆயுட்காலமும் அதற்குப்பின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் இடம் தரும் அச்சட்டம், ஊருக்குப் பரப்புவதற்கு இடம் தரவில்லை.

அவர் எளிதில் விடவில்லை. "ராணி காமிக்ஸ் 1984-ல ஆரம்பிச்சு 2005-ல நின்னே போச்சு ஹஜ்ரத். விக்கிறவங்களே இல்லாத புத்தகத்துல யாருக்கு நஷ்டம்? அத்தா ஸ்கேன் பண்ணலேன்னா வெள்ளத்தோட போயிருக்கும்."

இந்த வாதத்தில் வலு இருக்கிறது. செய்தித்தாள் ரகத் தாள் தானாகவே பழுத்து உதிர்ந்துவிடும். சேகரித்தவர்கள் இல்லையென்றால் தமிழில் ஒரு காலத்துப் பிள்ளைகள் எதை வாசித்தார்கள் என்பதற்குச் சான்றே இராது. ஆனால் பாதுகாப்பது வேறு, பரப்புவது வேறு. விற்பனையில் இல்லை என்பதனால் ஒரு பொருள் உரிமையாளரற்றதாகிவிடாது. கண்டெடுத்த பொருளுக்கே மார்க்கத்தில் ஓராண்டு அறிவிப்பு இருக்கிறது. மேலும் எல்லாமும் நின்றுபோனவை அல்ல. 1984-இல் எஸ். விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸும் பழைய முத்து காமிக்ஸும் நீண்ட தேக்கத்திற்குப் பின் 2012-இல் புத்துயிர் பெற்று, இன்றும் சிவகாசியிலிருந்து வெளிவருகின்றன. பழைய கதைகளை மறுபதிப்பும் செய்கின்றன. அவர்களுக்குப் பெரிய சந்தை ஒன்றும் இல்லை. வண்ண அச்சும் வெளிநாட்டு உரிமைத் தொகையும் வாங்கும் வாசகரின் பணத்திலிருந்துதான் வரவேண்டும். இலவசக் கோப்பு அவர்களின் விலைக்குப் போட்டியாக நிற்கும்.

அவர் முகம் வாடியது. அத்தாவின் இரண்டு ஆண்டு உழைப்பு வீணா என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது.

பிறகு சில நாட்கள் கழித்து நாங்கள் இருவரும் கணினி முன் அமர்ந்து பட்டியல் ஒன்றைத் தயாரித்தோம். இன்று அச்சில் கிடைப்பவை எவை, கிடைக்காதவை எவை. கிடைப்பவற்றில் சிறுவர்க்கு ஏற்ற பதினெட்டுப் புத்தகங்களைத் தம் சம்பளத்திலிருந்து அவர் வாங்கி மத்ரஸாவுக்கு வக்ஃபாகத் தந்தார். இது தெளிவான தருமம். தந்தைக்காக நிய்யத் வைக்கத் தடையேதும் இல்லை. அவற்றில் லக்கி லூக் கதைகளைத்தான் பிள்ளைகள் முதலில் எடுத்துச் சென்றார்கள். ஹார்ட் டிஸ்கிலிருந்த பழைய கதையில் சிகரெட்டுடன் இருக்கும் அந்தக் கௌபாய், புதியதில் வாயில் ஒரு புல்லை வைத்திருப்பது ஏன் என்று என் மகன் கேட்டான். 1983-இல் ஓவியர் மோரிஸ் சிகரெட்டை எடுத்துவிட்டார், அதற்காக 1988-இல் உலக சுகாதார நிறுவனம் அவரைச் சிறப்பித்தது என்றேன். இதைக் கேட்ட பக்கத்து வீட்டு மாமு தம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கிடைக்காதவற்றை நாங்கள் இணையத்தில் ஏற்றவில்லை. இரண்டு தனித்தனி டிஸ்குகளில் பிரதி எடுத்து, ஒன்றை அவரது தங்கை வீட்டில் வைத்தோம். மற்றொரு வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்து போய்விடக் கூடாதல்லவா. பதிப்பகத்தாருக்கு, மறுபதிப்புக்குத் தேவைப்பட்டால் எந்தக் கட்டணமும் இன்றித் தருகிறோம் என்று கடிதம் எழுதும்படியும் சொன்னேன். எழுதியிருக்கிறார்.

அந்தப் பட்டியலைத் தயாரித்த நாட்களில்தான் அவர் இதுவரை கவனித்திராத ஒன்றைக் கண்டோம். பல கோப்புகளின் முதல் பக்கத்தில், மூலையில், பென்சிலால் எழுதிய சிறு குறிப்புகள் இருந்தன. வாங்கிய இடம், தேதி. 'மூர் மார்க்கெட், 1984'. 1985 மே மாதம் அந்தச் சந்தை எரிந்த பின்னர் வாங்கியவற்றில் 'அல்லிக்குளம்' என்று இருந்தது. ஒன்றில் மட்டும் விலைக்குக் கீழே, 'பெருநாள் காசு' என்று எழுதியிருந்தது. திரையில் அதைப் பெரிதாக்கச் சொன்னார் தம்பி. அது புத்தகத்தின் பகுதி அல்ல, அவருடைய அத்தாவின் எழுத்து. அதில் வேறு எவருக்கும் உரிமை இல்லை. இப்போது அந்த மூலைகளை மட்டும் வெட்டியெடுத்து, தேதி வரிசையில் அடுக்கிக்கொண்டிருக்கிறார். நைட் ஷிஃப்ட் இல்லாத நாட்களில், இஷாவுக்குப் பிறகு.