கோப்பையின் அடிவட்டம்

எந்தக் கத்தி வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பி ஒன்றுதான் கேட்பேன்: மழுங்கினால் நீங்களே தீட்டிக்கொள்வீர்களா? ஆமாம் என்றால் கடைவீதியில் அட்டையில் தொங்கும் மலிவான மடக்குக் கத்தியே போதும். இல்லை என்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது சீக்கிரமே மேசை இழுப்பறைக்குள் போய்விடும்.

விருத்தாசலம் பீங்கான் ஊர். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலிருக்கும் மண் அடுக்குகளில் வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. இங்கே பீங்கானுக்கென்றே தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் படிக்கவும் இடம் இருக்கிறது. டீக்கோப்பை, அகல் விளக்கு, கொலு பொம்மை, மின்சார ஃபியூஸ் கட்டை என்று பலதும் இந்த ஊர்ச் சூளைகளிலிருந்து வெளியூர் போகின்றன. நான் பார்ப்பது பொம்மை பினிஷிங். நாள் முழுக்கக் கையில் கத்தி இருக்கும் வேலை. அதனால் மலிவுக் கத்தியைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் தண்ணீரோடு அரைத்து, கொஞ்சம் சோடியம் சிலிகேட் சேர்த்தால் ஊற்றும் பதத்தில் ஒரு கூழ் கிடைக்கும். ஸ்லிப் என்போம். அதை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மோல்டில் ஊற்றினால், மோல்டு தண்ணீரை உறிஞ்ச, உள்சுவரில் மண் படிந்துகொண்டே வரும். போதுமான கனம் ஏறியதும் மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவோம். பிறகு மோல்டைப் பிரித்தால் பொம்மை நிற்கும். மோல்டின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் தலை முதல் கால்வரை ஒரு மெல்லிய வரம்பும் நிற்கும். அந்த வரம்பைச் சீவுவதுதான் கத்தியின் வேலை.

அதற்கு மண் பதமாக இருக்க வேண்டும். பொம்மையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரம் அதிகமானால் மண் கத்தியோடு இழுபடும். காய்ந்துவிட்டால் பிள்ளையாரின் காது நொறுங்கும். சரியான பதத்தில் கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்துச் சீவினால் வரம்பு சுருள் சுருளாகக் கழன்று வரும். அந்த இடத்தைச் சுற்றியுள்ள மண்ணுக்குச் சமமாக்கினால் மட்டும் போதாது. சூளையில் வெந்து வரும்போது கோடு மறுபடி எழும்பித் தெரியும். மயிரிழை ஆழம் கூடுதலாகச் சீவி, ஈரப் பஞ்சால் தடவிவிட வேண்டும். மழுங்கிய கத்தி இந்த மயிரிழையைச் சீவாது, அமுக்கும். அமுங்கிய மண் சூளையில் விரிசலாகவும் கோணலாகவும் பழி தீர்க்கும்.

சிக்கல் என்னவென்றால், இந்த மண்ணே கத்தியைத் தின்கிறது. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7. கத்தி எஃகு பெரும்பாலும் ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில் நிற்கும். எஃகைவிடக் கெட்டியான துகள்களுக்குள் கத்தியை இழுத்தால் எந்தக் கூரும் நிலைக்காது. விலை உயர்ந்த எஃகு கொஞ்சம் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அது மழுங்கியபின் பழைய கூருக்குக் கொண்டுவர வைரத்தூள் பதித்த தகடும் நிறையப் பொறுமையும் வேண்டும். மிருதுவான எஃகு சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் தீட்டவும் படும். இதைக் குறையென்று பலர் சொல்கிறார்கள். எங்கள் வேலைக்கு இது பெரிய நல்ல குணம். மண்ணில் மட்டுமில்லை, அட்டைப்பெட்டி கிழிப்பதிலும், சணல் அறுப்பதிலும், தோட்டத்து மண் ஒட்டிய வேரை நறுக்குவதிலும் இதே கணக்குத்தான்.

உலகமே கொண்டாடும் சுவிஸ் கத்தியும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. கார்ல் எல்சனர் 1884-இல் பட்டறை தொடங்கி, 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குச் சிப்பாய்க் கத்தி கொடுத்தார். 1897-இல் அதிகாரிகளுக்கான இலகுவான கத்தியைப் பதிவு செய்தார். இன்றைக்கும் அந்தப் பட்டறையிலிருந்து வளர்ந்த விக்டோரினாக்ஸ் கத்தியின் அலகு, எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 56 வாக்கில்தான் இருக்கிறது. விலையேறிய கத்திகள் 60-ஐத் தாண்டும். கெட்டியான எஃகு கிடைக்காமலா அவர்கள் 56-இல் நிற்கிறார்கள்? எந்தக் கல்லிலும், எந்த ஊரிலும், யாராலும் தீட்ட முடிய வேண்டும் என்ற ஏற்பாடு அது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். பிரான்ஸின் சவாய் மலைப்பகுதியில் 1890-இல் பிறந்த ஓபினெல் கத்தியும் அப்படித்தான்: மரப்பிடி, ஒரே அலகு, 1955-இல் சேர்த்த ஒரு பூட்டு வளையம். விவசாயியின் பைக்காகச் செய்த கத்தி.

எங்கள் தொழிற்கூடங்களில் இவற்றையெல்லாம்விட மலிவான கத்தி ஒன்று உண்டு. உடைந்த ஆக்ஸா பிளேடு. அரை சாண் நீளத்துக்கு ஒடித்து, பல் இருக்கும் பக்கத்தைச் சாணையில் ஓட்டி, முனையைச் சாய்வாக இறக்கி, பிடிக்குச் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றினால் முடிந்தது. சாணையில் பிடிக்கும்போது அவசரம் கூடாது. சாதாரணக் கார்பன் எஃகு பிளேடானால், சூடேறி ஓரம் வைக்கோல் நிறம் வரும்போதே தண்ணீரில் முக்க வேண்டும். நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். தெருவில் வேகச் சக்கரம் சுற்றிச் சாணை பிடிப்பவரிடம் சின்ன மடக்குக் கத்தியைக் கொடுக்கத் தயங்குவதும் இதனால்தான். அரிவாளுக்குக் கனம் இருக்கிறது, சூட்டைத் தாங்கும். மெல்லிய அலகு கண்மூடித் திறப்பதற்குள் நீலமாகிவிடும்.

அப்படியானால் எதில் தீட்டுவது? இதற்கு விடை உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. ஒரு பீங்கான் டீக்கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலெல்லாம் பளபளப்பு, அடிவட்டம் மட்டும் சொரசொரப்பு. பளபளப்பைத் தரும் கிளேஸில் முக்கியதும் அந்த வட்டத்தை ஈரப் பஞ்சால் துடைத்துவிடுவோம். துடைக்காவிட்டால் சூளையில் கிளேஸ் உருகி, கோப்பை தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே அந்த வட்டம் மூடாத பீங்கான். 1200 டிகிரிக்குப் பக்கத்தில் வெந்து இறுகியது, எஃகைவிடக் கெட்டி. கடையில் தனியாக விற்கும் பீங்கான் தீட்டுகோலும் இதே இனந்தான். அது அலுமினாவில் செய்தது, இன்னும் கெட்டி.

தீட்டும் முறை எளிது. ஈரத்துணி விரித்து, அதன்மேல் நகராதபடி கோப்பையைக் கவிழ்த்து வையுங்கள். அடிவட்டத்தில் விரல் ஓட்டிப் பாருங்கள். கூராக ஏதாவது குத்தினால் வேறு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அலகை முதலில் செங்குத்தாக நிறுத்தி, பாதி சாய்த்து, அதிலும் பாதி சாய்த்தால் ஏறக்குறைய 20 டிகிரி வரும், அதுதான் கோணம். கூர்ப்பக்கம் முன்னே போகும்படி, பிடியோரத்தில் ஆரம்பித்து முனைவரை ஒரு மெல்லிய ஏட்டைச் சீவுகிற பாவனையில் இழுங்கள். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று. கையின் கனத்துக்கு மேல் அழுத்தம் வேண்டாம். வட்டத்தில் கறுப்புக் கோடு விழும். அது உங்கள் கத்தியின் எஃகு. கறுப்பு நிறைந்துவிட்டால் பல்பொடி போட்டு நாரால் தேய்த்துக் கழுவுங்கள், வட்டம் மறுபடி பிடிக்கும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் நாலு தரம் பின்னோக்கி இழுத்தால் ஓரத்தில் மடிந்து நிற்கும் பிசிர் போய்விடும். செய்தித்தாளின் விளிம்பில் வைத்து இழுத்துப் பாருங்கள். சிக்காமல் போனால் கூர் சரி. சுடுமண் அகலில் இதைச் செய்யாதீர்கள், அது மிருது. கத்திக்குப் பதில் அகல்தான் தேயும். ஓரம் உடைந்த கத்திக்கும் கோப்பை போதாது, அதற்குக் கல் வேண்டும்.

இந்த ஊரில் என்னைவிடக் கண்டிப்பாகக் கத்தி வைத்திருப்பவர்கள் முந்திரிக் கன்று ஒட்டுக் கட்டுபவர்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது, வி.ஆர்.ஐ. என்ற எழுத்துகளோடு வரும் முந்திரி ரகங்கள் அங்கிருந்து வந்தவை. முந்திரிக்கு இளந்தண்டு ஒட்டு. நாற்றின் தலையை வெட்டி நடுவில் பிளந்து, தாய்க் குச்சியை ஆப்பு வடிவில் இரண்டு பக்கமும் சீவி உள்ளே இறக்கி, பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்ற வேண்டும். ஆப்பின் முகம் ஒரே இழுப்பில் தட்டையாக விழ வேண்டும். அலையலையாக விழுந்தால் பட்டைக்கு அடியிலுள்ள வளர்திசு இரண்டும் தொட்டுக்கொள்ளாது, ஒட்டுப் பிடிக்காது. இந்த வேலையில் ஊறிய ஒரு பெரியவர் சட்டைப்பையில் வைத்திருப்பது தேய்ந்து பாதியாகிப்போன, பேர்கூடத் தெரியாத மடக்குக் கத்தி. “மரம் கத்தியோட வெலையக் கேக்காது தம்பி, வெட்டு வழவழன்னு இருக்கான்னுதான் பாக்கும்” என்றார். அவர் அலகின் ஒரு பக்கத்தை மட்டும் சாய்வாகத் தீட்டுவார், மறுபக்கம் தட்டையாகவே இருக்கும். வாங்கிய கத்தியைத் தன் வேலைக்கு ஏற்ற கத்தியாக மாற்றிக்கொண்டவர். மிருதுவான எஃகு அதற்கு இடம் கொடுத்தது.

மல்டி டூல் விஷயம் கொஞ்சம் வேறு. டிம் லெதர்மேன் 1975-இல் ஐரோப்பாவில் பழைய கார் ஒன்றில் சுற்றியபோது, கையிலிருந்த பேனாக்கத்தியால் எல்லாம் செய்ய முடிந்தது, குறட்டுக்குத்தான் வழியில்லை. அந்தக் குறையிலிருந்து பிறந்த கருவி 1983-இல் விற்பனைக்கு வந்தது. ஆகவே மல்டி டூலின் உயிர் குறடுதான். மற்றவை கூட வருபவை. இங்கே மின்வேலை பார்க்கும் நண்பர்கள் மலிவான மல்டி டூலைச் சட்டென்று எடைபோடுவதும் அங்கேதான். குறட்டின் இரு தாடைகளும் நுனியில் சந்திக்கின்றனவா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். ஒரு தாளை நுனியில் கவ்வவிட்டு இழுப்பார்கள். வழுக்கினால் கீழே வைத்துவிடுவார்கள். அடுத்தது ஸ்க்ரூ டிரைவர் முனை. மலிவானவற்றில் முதலில் உருண்டுபோவது அதுதான். ஃபியூஸ் கட்டையின் பித்தளைத் திருகு ஒன்றை இறுக்கினாலே தெரிந்துவிடும். பதினைந்து இருபது கருவி என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. குறடு, கத்தி, தட்டை முனை, நட்சத்திர முனை நான்கும் ஒழுங்காக இருந்தால் காசுக்குத் தகும். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: உலோகப்பிடி மல்டி டூலால் கரண்ட் போகும் கம்பியைத் தொடவே கூடாது. மெயினை அணைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மடக்குக் கத்தி வாங்கும்போதும் கடையிலேயே பார்த்துவிடலாம். திறந்து, அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ரிவிட்டு சரியில்லை. மூடினால் அலகு நடுவில் அமர வேண்டும். பூட்டு இருந்தால், திறந்த நிலையில் அலகின் முதுகை மேசை ஓரத்தில் மெதுவாக அழுத்துங்கள்; மடங்கினால் வேண்டாம், அது விரலைப் பதம் பார்க்கும். ரிவிட்டுக்குப் பதில் திருகு போட்டிருந்தால் இன்னும் நல்லது, பின்னால் இறுக்கிக்கொள்ளலாம். எஃகின் பேரைப் பற்றி அலட்டிக்கொள்ளாதீர்கள். எங்களைப் போல ஈரத்தில் புழங்குபவர்களுக்குத் துருப்பிடிக்காத எஃகு வசதி. கார்பன் எஃகை விரும்புபவர்கள் முந்திரிப்பழமோ எலுமிச்சையோ நறுக்கியதும் கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் பூசினால் போதும்.

பீங்கான் ஊரில் இருந்துகொண்டு பீங்கான் கத்தியே வைத்துக்கொள்ளக் கூடாதா என்று வெளியூர்க்காரர்கள் ஆசையோடு கேட்பார்கள். சிர்கோனியா கத்தி தக்காளிக்கு அருமையானது. மழுங்க நெடுநாள் ஆகும், துருவே கிடையாது. ஆனால் பக்கவாட்டில் ஒரு நெம்பு நெம்பினால் ஒடியும், தரையில் விழுந்தால் முனை தெறிக்கும். பை மூலையில் இடிபடும் கத்திக்கு அது ஆகாது. பீங்கானின் பலம் அமுக்கத்தைத் தாங்குவதில், எஃகின் பலம் வளைந்து கொடுப்பதில். எஃகு வெட்டட்டும், பீங்கான் தீட்டட்டும்.

இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். காய்ந்த பொம்மையைச் சுரண்டிப் பினிஷிங் செய்யாதீர்கள். பறக்கும் தூளில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும். கூரான கத்தி இருந்தால் ஈரப் பதத்திலேயே வேலையை முடித்துவிடலாம். நல்ல கூர் உடம்புக்கும் நல்லது. பையில் கத்தி வைப்பது சட்டப்படி சரியா என்றும் கேட்கிறார்கள். ஆயுத விதிகள் 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டும் அலகுகளைப் பற்றித்தான் கறாராகப் பேசுகின்றன. கைப்பை மடக்குக் கத்தி அதில் பாதிகூட வராது. ஆனால் விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது. பாதுகாப்புச் சோதனை உள்ள எந்த இடத்துக்கும் அதை எடுத்துப் போகாமல் இருப்பதே மரியாதை.

புதிதாகப் பினிஷிங் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் மண்ணைக் கொடுப்பதில்லை. ஓர் ஆக்ஸா பிளேடு கத்தியையும் கிளேஸ் சரியாக விழாத இரண்டாம் தரக் கோப்பை ஒன்றையும் கொடுத்து, தாளைச் சீவும் வரை தீட்டச் சொல்வேன். இரண்டுக்கும் சந்தையில் மதிப்பில்லை. தீட்டப் பழகிய பிள்ளைக்கு அதன்பின் எந்தக் கத்தி கிடைத்தாலும் அது வேலைக்காகும். கத்திக்குக் கொடுக்கும் காசைவிட, தீட்டக் கற்கும் ஒரு சாயங்காலம் பெரிய முதல். அந்த முதலைப் போட்டவர் மலிவுக் கத்தியை மலிவென்று சொல்லி நான் கேட்டதில்லை.