கதிர் வெளுத்தால் முதலில் கழுத்தைப் பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வயல் செய்கிறவர்கள் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள். போன் பார்க்காத வாப்பாமார், மாமாமார் வீட்டில் இருந்தால் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

இந்தப் பெரும்போகத்தில் நமது வட்டைகளில் கதிர் வெளுத்த வயல்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தூரத்தில் நின்று பார்த்தால் விளைந்த வயல் மாதிரித்தான் இருக்கும். கிட்டப் போய்க் கதிரை உருவினால் உமிதான் கையில் வரும். "அறக்கொட்டி அடிச்சிட்டு" என்கிறார் ஒருவர். "மருந்து டுப்ளிகேட்" என்கிறார் இன்னொருவர். "கண்ணூறு" என்கிறவர்களும் இருக்கிறார்கள். தேநீர்க் கடையில் ஒரு மணித்தியாலம் இருந்தால் பத்துக் காரணம் கேட்கலாம். வயலில் இறங்கி ஒரு கதிரைப் பிடுங்கிப் பார்த்தவர் மட்டும் குறைவு.

எங்கள் வளவுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கிற ஒரு காக்கா மூன்று ஏக்கர் செய்திருந்தார். மனைவியின் நகை அடகில். நாற்பது நாள் பயிரில் இலையில் புள்ளி கண்டதும் போனில் படம் எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனார். கடையில் ஒரு போத்தல் கொடுத்தார்கள். அடித்தார். நிற்கவில்லை. அடுத்த கிழமை வேறொரு போத்தல். அதுவும் சரிவரவில்லை என்று மூன்றாவது தடவை இரண்டையும் கலந்து அடித்தார். பயிர் வெளிறுகிறது என்று இடையில் யூரியாவும் எறிந்தார்.

கதிர் வெளியே வந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். "சேர், நீங்க சயன்ஸ் படிப்பிக்கிறீங்கதானே, ஒருக்கா வந்து பாருங்க" என்றார். அசருக்குப் பிறகு போனோம். வரம்பில் நின்றபடியே தெரிந்தது. கதிரின் கழுத்துக் கறுத்து, சில கதிர்கள் அந்த இடத்திலேயே ஒடிந்து தொங்கின. எரிபந்தம். கழுத்தில் பிடித்துவிட்டால் அந்தக் கதிரை எந்த மருந்தாலும் காப்பாற்ற முடியாது. வீட்டுக்கு வந்து வெறும் போத்தல்களைப் பார்த்தேன். இரண்டுமே பூச்சிக்கு அடிப்பவை. அவருடைய வயலில் இருந்ததோ பங்கசு.

எங்கே பிழை என்று பார்த்தால், மருந்து கலப்படமானது அல்ல. பூச்சிநாசினி பூச்சியைக் கொல்லும். பங்கசு பூச்சி இல்லை. நுளம்புக்குக் கொளுத்துகிற சுருளை அரைத்துச் சேற்றுப்புண்ணுக்குப் பூசினால் சுகம் வருமா? அதேதான் நடந்தது. பணமும் போனது, வயலில் இருந்த சிலந்தி, தும்பி போன்ற நமது பக்கத்து ஆட்களும் செத்தார்கள். எரிபந்தத்துக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

இந்த எரிபந்தத்தைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்த ஒரு விஷயத்தை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். பங்கசின் வித்தி கண்ணுக்குத் தெரியாத தூசு. காற்றில் வந்து இலையில் விழும். பனி ஈரம் இருந்தால் பசை கக்கி ஒட்டிக்கொள்ளும். பிறகு சின்னக் குழாய் ஒன்று முளைத்து, அதன் நுனியில் குவிமாடம் போல ஓர் உறுப்பு உண்டாகும். அதன் சுவரில் மெலனின் படியும், நமது தலைமுடிக்குக் கறுப்பு நிறம் கொடுக்கிற அதே வகைப் பொருள். உள்ளே கிளிசரோல் சேரச் சேரத் தண்ணீரை இழுக்கும். அமுக்கம் ஏறும். எவ்வளவு? 80 வளிமண்டல அமுக்கம் வரைக்கும். கார் டயரில் நாம் அடிக்கிற காற்றைப் போல ஏறத்தாழ 40 மடங்கு. அந்த வேகத்தில் ஒரு நுண்ணிய முளையை இலையின் தோலுக்குள் அறைந்து இறக்கும். நாலைந்து நாளில் புள்ளி தெரியும். ஒரு புள்ளி ஓர் இரவில் ஆயிரக்கணக்கில் புது வித்திகளை விடும்.

இது வெறும் அதிசயக் கதை இல்லை. மெலனின் படியாவிட்டால் அந்தக் குவிமாடத்தில் அமுக்கம் நிற்காது, இலையைத் துளைக்க முடியாது. ட்ரைசைக்கிளசோல் என்ற பங்கசுநாசினி செய்வது மெலனினைத் தடுப்பதைத்தான். அப்படியென்றால் அதை எப்போது அடிக்க வேண்டும்? வித்தி உள்ளே நுழைவதற்கு முன்னால். உள்ளே போய்க் கழுத்துக் கறுத்த பிறகு அடிப்பது, கள்ளன் போன பிறகு கதவைப் பூட்டுகிற வேலை. கிருமி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் மருந்தின் நேரம் தெரியும். ஆராய்ச்சி நமக்குத் தருகிற லாபம் அது.

யூரியா விஷயமும் அப்படித்தான். நைதரசன் கூடினால் பயிர் கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கும், நமக்கும் மனசு நிறையும். ஆனால் இலை மென்மையாகி, பயிர் நெருங்கி, உள்ளே ஈரம் காயாமல் நிற்கும். எரிபந்தத்துக்கு அது கல்யாண வீடு. நோய் கண்ட வயலுக்கு யூரியா எறிவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது. மாரியில் இரவில் குளிரும் பனியும், காலையில் வெகுநேரம் இலை நனைந்தபடியும் இருக்கிற நாட்களில் இன்னும் கவனம் தேவை.

நம் நாட்டுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1869இல் மடுல்சீமைப் பக்கம் ஒரு கோப்பித் தோட்டத்தில் இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். அப்போது பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைற்ஸ் அந்த இலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்லி என்ற பாதிரியார் பார்த்துவிட்டு, இது இதுவரை அறியாத ஒரு பங்கசு என்று சொல்லிப் பெயரும் வைத்தார்: ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ். இரண்டாவது சொல்லுக்கு அர்த்தம் "நாசமாக்குவது". அதுதான் கோப்பித் துருநோய்.

அப்போது இலங்கை உலகத்திலேயே பெரிய கோப்பி நாடுகளில் ஒன்று. 1870 அளவில் ஏறத்தாழ 10 இலட்சம் அந்தர் கோப்பி ஏற்றுமதியானது. ஓர் இலையில் கொஞ்சம் தூள்தானே என்று துரைமார் முதலில் பெரிதாக எடுக்கவில்லை. விலையும் நன்றாக இருந்ததால் காட்டை வெட்டி இன்னும் இன்னும் நட்டார்கள். பிறகு, மழை காரணம், மண் காரணம், பசளை போதாது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நமது தேநீர்க் கடைப் பேச்சேதான், அவர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள், அவ்வளவுதான்.

1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியை அரசாங்கம் கொண்டுவந்தது. வயது முப்பதும் ஆகவில்லை. இரண்டு வருடம் இங்கே இருந்தார். கிளிசரின் பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் வருகிற வித்திகளைப் பிடித்துக் காட்டினார். அவை இலைவாய் வழியாக உள்ளே போவதையும் கண்டறிந்தார். மலைக்கு மலை இடைவெளி இல்லாமல் ஒரே பயிரை நட்டதுதான் நோய்க்கு நேர்ப் பாதை போட்டது என்றும் சொன்னார். தோட்டக்காரர்கள் எதிர்பார்த்தது மருந்து. அவர் கொடுத்தது விளக்கம். அதனால் பலருக்கு ஏமாற்றம். மருந்துக்கும் வழி இல்லாமல் இல்லை. செம்பு சேர்ந்த போர்டோக் கலவை பிரான்சில் 1885இல் அறிமுகமானது, வார்ட் இங்கிருந்து போய் மூன்று வருடத்தில். இலங்கைக் கோப்பிக்கு அது பிந்திவிட்டது. 1884இல் ஒரியண்டல் வங்கி விழுந்தது. தமிழ்நாட்டில் இருந்து மன்னார் வழியாகக் கால்நடையாக வந்து மலையில் உழைத்த சனங்களின் வேலையும் தோட்டத்தோடு போனது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் வைத்த தேயிலைதான் பிறகு அந்த மலைகளை மூடியது. இன்று நாம் குடிக்கிற பிளேன்டீக்குப் பின்னால் ஒரு பங்கசு இருக்கிறது.

கோப்பித் துரைமாருக்குத் தேயிலை இருந்தது. நமக்கு நெல்லுக்குப் பதில் என்ன இருக்கிறது?

இன்னொரு சம்பவம், இது நமது காலத்தில் நடந்தது. 2016 பெப்ரவரியில் வங்காளதேசத்தில் கோதுமைக் கதிர்கள் திடீரென வெளுத்தன. சுமார் 15,000 ஹெக்டேயர் பாதிப்பு. நோய்க்குக் காரணம் நமது நெல்லைத் தாக்குகிற அதே இனத்துப் பங்கசின் வேறொரு வம்சம். 1985இல் பிரேசிலில் முதலில் கண்டது, ஆசியாவுக்கு அதுவரை வந்ததில்லை. பேராசிரியர் தோஃபஸ்ஸல் இஸ்லாம் வயல்களில் இருந்து மாதிரி எடுத்தார். இங்கிலாந்தில் இருந்த, துனீசியாவில் பிறந்த சோஃபியன் கமூன் அவரோடு சேர்ந்தார். வழக்கமாக ஆராய்ச்சி முடிந்து சஞ்சிகையில் வரும்வரை தகவலைப் பூட்டி வைப்பார்கள். இவர்கள் அந்தக் கிருமியின் மரபணுத் தகவலை உடனேயே இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பல நாட்டு ஆட்கள் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்த்ததில், சில கிழமைகளிலேயே அது தென்னமெரிக்காவில் இருந்து வந்த வம்சம் என்று தெளிவானது. அடுத்த வருடமே, 2017இல், அந்த நோயைத் தாங்கும் பாரி கம் 33 என்ற கோதுமை இனத்தை வங்காளதேசம் வெளியிட்டது.

மறைக்காமல் சொன்னதுதான் அவர்களுடைய பலம். நமது ஊரில் என்ன நடக்கிறது? அந்தக் காக்கா தன் வயலில் நோய் என்று பக்கத்து வயல்காரருக்குச் சொல்லவில்லை. வெட்கம் ஒரு பக்கம். கடன் கொடுத்தவருக்குத் தெரிந்தால் வாசலில் வந்து நிற்பார் என்ற பயம் மறுபக்கம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வித்திக்கு வரம்பு தெரியாது. அவர் சொல்லியிருந்தால் பக்கத்தில் நாலு பேர் நேரத்தோடு தங்கள் வயலைப் பார்த்திருப்பார்கள்.

வயலுக்குப் போகும்போது பார்க்க வேண்டியவை இவை. முடிந்தால் இதை மட்டுமாவது பகிருங்கள்.

கதிர் வெளுத்திருந்தால் ஒன்றைப் பிடித்து இழுங்கள். சும்மா உருவிக்கொண்டு வந்து, அடியில் புழு அரித்த அடையாளம் இருந்தால் அது தண்டு துளைக்கிற புழு. வராமல், கதிரின் கழுத்துக் கறுத்தோ கபில நிறமாகவோ இருந்தால் எரிபந்தம்.

இலையில் இரண்டு பக்கமும் கூரான, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் கபில நிறமுமான கண் போன்ற புள்ளி எரிபந்தத்தின் அடையாளம். இலை நுனியில் இருந்து ஓரம் வழியாக நெளிநெளியாக மஞ்சளாகிக் காய்ந்தால் அது பெரும்பாலும் பற்றீரியா. அந்த இலையை வெட்டி ஒரு கிளாஸ் தெளிந்த தண்ணீரில் வையுங்கள், வெட்டிய இடத்தில் இருந்து பால் மாதிரிக் கசிந்தால் சந்தேகம் வேண்டாம். அதற்குப் பூச்சி மருந்தும் உதவாது, எரிபந்த மருந்தும் உதவாது. யூரியாவை நிறுத்துவதும், ஒரு வயல் தண்ணீரை அடுத்த வயலுக்கு விடாமல் பார்ப்பதும்தான் முதல் வேலை.

வயலில் வட்டம் வட்டமாக எரிந்த மாதிரி இருந்தால் பயிரின் அடியை விலக்கிப் பாருங்கள். அறக்கொட்டி என்றால் தண்டின் அடியில் கூட்டமாக இருக்கும், கண்ணால் காணலாம்.

எது என்று தெரியாவிட்டால், நோய் கண்ட பயிரை வேரோடு எடுத்து, பத்திரிகைத் தாளில் சுற்றி (சொப்பிங் பேக்கில் கட்டினால் அழுகிவிடும்) கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். மருந்துக் கடைக்கு அதற்குப் பிறகு போகலாம். விற்கிறவரிடமே நோயையும் கேட்டால், அவரிடம் இருக்கிற போத்தல்தான் பதிலாக வரும். நோய் வந்த வயலில் விதைநெல் எடுக்க வேண்டாம், எரிபந்தம் நெல்மணியோடும் போகும். அடுத்த போகத்துக்கு எந்த இனம் தாங்கும் என்பதைப் போக ஆரம்பக் கூட்டத்தில் எழும்பிக் கேளுங்கள். பத்தலகொடையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருப்பது நமக்காகத்தான்.

இதை எழுத வேண்டாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். கடைக்காரர்கள் கோபிப்பார்கள் என்றார் ஒருவர். வருவது கத்ர், அதை யாரால் தடுக்க முடியும் என்றார் மற்றவர். கத்ரை நானும் நம்புகிறேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. வயலில் இறங்கிக் கதிரின் கழுத்தைப் பார்ப்பதும் அந்தக் கயிற்றில் ஒரு முடிச்சுத்தான். மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, செலவழித்து நீர் பாய்ச்சினால் இருபதில் ஒன்று ஏழையின் பங்கு. வயல் பதராகப் போனால் போவது நம்முடைய பங்கு மட்டுமல்ல.

அந்தக் காக்காவிடம் கேட்டுத்தான் இதை எழுதினேன். "பேரப் போடாம எழுதுங்க சேர், மத்தாக்களாவது தப்பட்டும்" என்றார். அவருடைய கடனுக்கும் நகைக்கும் எல்லோரும் துஆச் செய்யுங்கள்.

உங்கள் வயலில் என்ன கண்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். படம் போடுவதென்றால் தூரத்தில் நின்று எடுக்காமல், கதிரின் கழுத்துத் தெரிகிற மாதிரிக் கிட்டப் போய் எடுங்கள்.