தூணின் கால்

ராமநாதபுரம் மாவட்டத்தில் நான் நட்ட முதல் தூண் ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் நின்றது. கரண்டு இருந்தது, காம்பவுண்டுச் சுவர் இருந்தது, ராத்திரிக் காவலுக்கு ஆள் இருந்தார். ஜிபிஎஸ் நிலையம் வைக்க அதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்த வயது. என்ன மண் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

தூணின் தலையில் ஆன்டெனா. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை அது ராப்பகலாக வாங்கும். ஒரு முழு நாள் பதிவைக் கணக்கிட்டால் ஆன்டெனா எங்கே இருக்கிறது என்பது கிடைமட்டத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் துல்லியத்தில் வரும். உயரத்தில் பிழை அதைவிட மூன்று மடங்கு இருக்கும். இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காகப் போகிறது. அதைப் பார்ப்பது சுலபம், எந்தத் தூணும் காட்டிவிடும். தென்னிந்தியாவுக்குள்ளேயே ஓர் இடம் இன்னோர் இடத்தைவிட்டு விலகுகிறதா என்பதுதான் எங்கள் கேள்வி. அந்த விலகல் இருந்தால் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும்.

இங்கேதான் தூண் ஏமாற்றும். 60 சென்டிமீட்டர் அகல அடித்தளத்தில் ஒரு பக்கம் ஒரே ஒரு மில்லிமீட்டர் இறங்கினால், 1.8 மீட்டர் உயரத் தூணின் தலை மூன்று மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். மூன்று வருஷத்து விலகல் ஒரே கோடையில் வந்துவிட்ட மாதிரி கணினி காட்டும்.

எங்கள் தூண் காட்டியது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் மேலே ஏறியது, சித்திரையில் இறங்கியது. கூடவே மேற்காக ஒரு நகர்வு, வருஷம் கூடக் கூட அதுவும் கூடியது. கூட வேலை பார்த்த இளைஞர் ஒருவர் வரைபடத்தில் ஒரு பிளவுக் கோடே போட்டுவிட்டார். எனக்கும் உள்ளூர ஆசைதான். புதுப் பிளவு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

பக்கத்தில் கிணறு தூர் வாரிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அந்த ஆசையை முடித்துவைத்தார். "சார், இது கரிசலு. மழை பேஞ்சா ஊதும், கோடையில வெடிக்கும். எங்க வீட்டுச் செவுரு வருசாவருசம் வாய் பொளக்குது. ஒங்க தூணு மட்டும் என்ன மலை மேலயா நிக்குது?" பிறகு மேற்குச் சுவரைக் காட்டினார். சீமைக் கருவேலம் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்திருந்தது. அதன் வேர் அந்தப் பக்கத்து ஈரத்தைக் குடிக்கக் குடிக்க மண் சுருங்கி, தூண் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது. ஸ்பிரிட் லெவலை வைத்துப் பார்த்தேன், குமிழி ஓரமாக ஒதுங்கி நின்றது.

2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து நிலையம் கிழக்கே ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நகர்ந்தது. அது உண்மையான நகர்வு. எங்கள் பள்ளிக்கூடத் தூண் அந்த அளவுக்கு ஒரு மழைக்கே ஆடிவிடும்.

அந்தத் தூணுக்குப் பிறகு குழி வெட்டிப் பார்க்காமல் இடம் முடிவு செய்ததில்லை. கரிசலில் சும்மா தூண் நடுவதில்லை. பத்து மீட்டர் அளவுக்குத் துளையிட்டு, நடுவில் ஒரு குழாய், சுற்றிச் சாய்வாக நான்கு குழாய் இறக்கி, மேலே ஒன்றாகப் பற்றவைக்க வேண்டும். மேல் மண் குழாயைத் தொடாதபடி உறை போட வேண்டும். செலவு அதிகம் என்பார்கள். தூண் அசைகிறதா என்று பார்க்கச் சுற்றிலும் மூன்று சாட்சிக் கற்கள் பதித்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை லெவல் எடுக்கவும் வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்கச் சொன்னால் எல்லோரும் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

பாம்பனைத் தாண்டினால் வேறு கதை. மேலே மணல், கீழே பவளச் சுண்ணாம்பு. கம்பியால் தட்டினால் கெட்டியாக ஒலிக்கும். ஆனால் நான் துளையிட்ட இடத்தில் இரண்டு அடிக்குக் கீழே பொள்ளல், அதற்கும் கீழே மறுபடி மணல். மண்டபம், ராமேஸ்வரம் கரையோரம் பழைய பவளத்திட்டு கடல்மட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது. நிலம் ஏறியதா, கடல் இறங்கியதா என்று அதன் முன்னால் நின்று பேசினால் பொழுது போவதே தெரியாது.

தனுஷ்கோடி என்றால் எல்லோருக்கும் 1964 டிசம்பர் புயல்தான் நினைவுக்கு வரும். அதற்கு முன்பே, 1948, 49 ஆண்டுகளில், மன்னார் வளைகுடாவைப் பார்த்த தென்பகுதி ஏறக்குறைய 5 மீட்டர் அமிழ்ந்தது என்றும், அது புவியோட்டின் செங்குத்து அசைவு என்றும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆய்வு ஒன்று சொல்கிறது. நான் அங்கே போகும்போதெல்லாம் என் தொழில் புத்தி ஒன்றையே கேட்கும்: இறங்கியது பாறையா, மேலே இருந்த மணலா? அன்று அங்கே ஒரு சாட்சிக் கல் இருந்து, அதன் கால் எதில் ஊன்றியிருந்தது என்ற குறிப்பும் இருந்திருந்தால் சொல்லிவிடலாம்.

உங்கள் ஊரில் வேலி போட்ட இடத்தில் வெள்ளைக் குடை கவிழ்த்த மாதிரி ஒரு தூணைப் பார்த்தால், தயவுசெய்து அதில் ஆடு கட்டாதீர்கள். பக்கத்தில் போர்வெல் போடுவதாக இருந்தால், போட்ட தேதியையாவது ஒரு சீட்டில் எழுதி வேலியில் செருகிவிடுங்கள்.