ஊர் கூடி இழுத்த தேர்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். வடம் பிடிக்க ஆள் இருந்தால் போதாது, முட்டுக்கட்டை போடத் தெரிந்தவரும் வேண்டும் என்பதைச் சென்ற ஆண்டுதான் உணர்ந்தோம்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லியிலிருந்து வரும் கணினிப் பிரிவு மாணவியர் நாங்கள் பன்னிருவர். பள்ளி நூலகப் புத்தகங்களைக் கணினியில் பட்டியலிட முனைந்தோம். கெட்டிக்காரத் தோழி ஒருத்தியே எல்லா நிரலையும் எழுதினாள், நாங்கள் கைதட்டினோம். டிசம்பரில் அவள் தந்தைக்கு ஆவடியிலிருந்து மாற்றல் வந்தது. அவள் எழுதிச் சென்றது எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. வேலை நின்றது.

நூலக அருட்சகோதரி கடிந்துகொள்ளவில்லை. "பாடத்தில் உபுண்டு படிக்கிறீர்களே, அதை எழுதியவர் யார்?" என்று மட்டும் கேட்டார்கள். விடை தேடினோம்.

உபுண்டுவின் அடித்தளம் டெபியன். சென்னை சி-டாக் உருவாக்கி, அரசு மடிக்கணினிகளில் நம் அக்காமார் கண்ட 'பாஸ்' இயங்குதளத்துக்கும் அதுவே அடித்தளம். 1993இல் அதைத் தொடங்கிய இயன் மர்டாக் அப்போது அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். இன்று பல நாடுகளில் ஏறத்தாழ ஆயிரம் பேர் அதன் உறுப்பினர்.

ஆயிரம் பேர் முட்டிக்கொள்ளாமல் உழைப்பது எப்படி? வேலை பல்லாயிரம் சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒருவரோ ஒரு குழுவோ பொறுப்பு. புதியவர் செய்து அனுப்புவதைப் பழையவர் ஒருவர் சரிபார்த்துச் சேர்ப்பார். நம்பிக்கை வளர்ந்தபின் அவரும் உறுப்பினராகலாம். ஆண்டுதோறும் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவரும் எவரையும் வேலை செய்யக் கட்டாயப்படுத்த இயலாது.

எங்கள் மனத்தைத் தொட்டது வேறொன்று. பொறுப்பாளர் விலகிய பொதியை 'அனாதை' என்று அறிவித்து, தத்தெடுக்க ஆள் தேடுகிறார்கள்.

எங்கள் பட்டியலும் அனாதையாகத்தானே கிடந்தது! தத்தெடுத்தோம். கதை, வரலாறு, அறிவியல் எனப் பிரித்து, பிரிவுக்கு இருவர் பொறுப்பேற்றோம். செய்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி எழுத்துப்பிழை ஒன்றைக் காட்டினாள். திருத்தி, அவள் பெயரையும் நோட்டில் சேர்த்தோம். மறுநாள் அவள் இரண்டு தோழியரை அழைத்து வந்தாள்! வேகம் குறைவுதான், ஆனால் யார் விடுப்பு எடுத்தாலும் வேலை நிற்பதில்லை.

மார்ச்சில் நாங்கள் விடைபெறுகிறோம். நோட்டு நூலக மேசையில் இருக்கிறது. தங்கைகளே, வடம் பிடிக்க வாருங்கள்!