மலைநாட்டில் பன்னிரண்டு நாள் – 4: இரண்டு இஸ்தோப்புகள்

கலஹாவில் இறங்கும்போது காலை எட்டரை மணி. கண்டியிலிருந்து வந்த வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு நடுவாகவே ரோடு போகிறது. ஹிந்தகலையில் பழைய விகாரை ஒன்று இருக்கிறது. பிறகு வளைவுக்கு மேல் வளைவுதான். முன் சீட்டில் இருந்த பிள்ளை பாதி வழி ஜன்னலில் தலையை வைத்து வாந்தி எடுத்துக்கொண்டே வந்தது, பாவம்.

நான் பார்க்க வந்தது லூல்கந்துர தோட்டம். தெல்தோட்டை வழியாக மேலே ஏற வேண்டும். திரீவீல்காரர் போக வர ஐயாயிரம் ரூபாய் கேட்டார். சரி என்று ஏறினேன். மேலே இறங்கியதும், காத்திருக்க மணிக்கு ஐந்நூறு தனி என்றார். "கீழேயே சொல்லியிருக்கலாமே?" என்றேன். "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே." வாடகையைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. பெட்ரோல் விற்கிற விலையில் அவர் கேட்டது நியாயமாகவே இருக்கலாம். ஆனால் ஆளை மலைமேல் கொண்டுபோய் விட்டுவிட்டு விலையை மாற்றுவது எந்த ஊரிலும் தப்பு. கால் மணி நேரம் வாதாடினோம். பாதித் தொகையைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

லூலா என்றால் சிங்களத்தில் விரால் மீன், கந்துர என்றால் ஓடை. ஸ்காட்லாந்திலிருந்து 1852இல் வந்த ஜேம்ஸ் டெய்லர் இங்கே 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதுவரை இந்த மலைகளில் பயிராகிவந்த காப்பியை இலைத்துரு நோய் தின்னத் தொடங்கியது 1869இல்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்பே இந்த மனிதர் வேறு பயிரைத் தேடிவிட்டார் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அவருடைய மரவீட்டில் இன்று மிஞ்சியிருப்பவை கருங்கல் புகைக்கூண்டும் அருகே ஒரு கிணறும். சற்று மேலே, அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்ததாகச் சொல்லும் கல்லாசனம். அங்கிருந்து அடுக்கடுக்காகப் பச்சை இறங்கிப் போகிறது. நான் கோத்தகிரியில் வளர்ந்தவன், தேயிலைச் சரிவு எனக்குப் புதிதல்ல. இருந்தும் அங்கே கொஞ்ச நேரம் பேச்சற்று நின்றேன்.

பிறகுதான் காலடியைப் பார்த்தேன். தயிர்க் கோப்பை, தண்ணீர்ப் போத்தல், சோறு மடித்து வந்த லஞ்ச் ஷீட். இவ்வளவு தூரம் ஏறி வந்து ஒரு நினைவிடத்தில் சாப்பிட்ட தாளை எறிந்துவிட்டுப் போக எப்படி மனம் வருகிறது? கைக்கு அடங்கியதைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மழை பிடித்தது. ஓடிப்போய் ஒதுங்கிய இடம் ஒரு லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின், இஸ்தோப்பு. முன் திண்ணையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். வரிசையாகக் காம்பராக்கள் என்ற அறைகள், மேலே துருப்பிடித்த தகரம். ஆனால் இஸ்தோப்பில் ஒரு தூசி இல்லை, சாணம் மெழுகிக் கோலம் போட்டிருந்தது. "நனையாதீங்க தம்பி, உள்ள வாங்க" என்று ஒரு அம்மா கூப்பிட்டார். அறுபத்தைந்துக்கு மேலிருக்கும். ஆயுளெல்லாம் கொழுந்து பறித்த விரல்களில் கறை ஏறியிருந்தது. நான் கேட்காமலே அடுப்பில் ரொட்டி போட்டார். தேங்காய்ப் பூ கலந்த தடித்த கோதுமை ரொட்டி, அம்மியில் அரைத்த கட்டச் சம்பல், ஒரு பெரிய கோப்பையில் சாயத்தண்ணி. கண்டியில் மூன்று நாளாக ஓட்டலில் குடித்த எந்தத் தேநீரும் இதற்கு உறை போடக் காணாது. மூன்று ரொட்டி தின்றேன். காசு கொடுக்கப் போனேன். முகம் மாறிவிட்டது, உடனே கையை இழுத்துக்கொண்டேன்.

டெய்லரின் முதல் தேயிலை ஆலையும் ஒரு இஸ்தோப்புதான். பங்களா முகப்பில் மேசை போட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அழுத்தி இலையைக் கையாலேயே உருட்டினார்கள், கரி அடுப்பில் உலர்த்தினார்கள். அப்படித் தொடங்கிய தேயிலைதான் 1873இல் 23 இறாத்தல் லண்டனுக்குப் போனது. டெய்லர் 1892இல் இறந்தபோது தொழிலாளர்கள் உடலைக் கண்டிக்குச் சுமந்துபோய் மஹியாவ மயானத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் பெயர் கல்லில் இருக்கிறது. உருட்டிய கைகளில், சுமந்த தோள்களில் ஒருவர் பெயரையாவது மலையில் எங்காவது பார்ப்பேனா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை.

அந்த ஆதங்கத்தில், "அம்மா, அந்தப் புகைக்கூண்டு மாதிரி இந்த லயத்தையும் பாதுகாக்கணும்" என்றேன். அவர் கூரையைக் காட்டினார். மூன்று இடத்தில் சட்டி வைத்திருந்தது, சொட்டிக்கொண்டிருந்தது.

"இத இடிச்சுப்புட்டு ஒரு துண்டுக் காணியும் வீடும் தரணும்னு நான் சாமிகிட்ட கேக்குறேன். நீங்க வச்சிருக்கணும்ங்கிறீங்க."

எனக்குப் பதில் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறு பேர். மரபு என்ற சொல்லை அந்த வாசலில் நின்று இன்னொரு முறை சொல்ல எனக்கு நா எழவில்லை. முதலில் அவர்களுக்குச் சொந்த மண்ணில் வீடு வேண்டும். அதன் பிறகு, அவர்கள் சம்மதித்தால், ஒரு லயத்தை மட்டும் நிறுத்தி வைக்கலாம். கம்பளைக்கு அருகே பாரதெக்கவில் பழைய லயத்தைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். அது சரியான வழி. கால் வீங்காமல் இருந்தால் அடுத்த வாரம் அங்கே போவேன்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"கோத்தகிரி."

கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் இவருடைய அக்காவும் ஒருத்தி. கண்டி ஸ்டேஷனில் ஏற்றிவிட்ட தலைமன்னார் ரயிலை இங்கே அழுகைக் கோச்சி என்கிறார்கள். கோத்தகிரியிலிருந்து இரண்டு கடிதம் வந்ததாம், பிறகு ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் 'சிலோன்காரங்க' என்று ஒரே சொல்லில் நாங்கள் ஒதுக்கி வைத்தவர்களில் அந்த அக்காவும் இருந்திருப்பார். என் பள்ளியில் அவர் பிள்ளைகள் படித்திருக்கலாம்.

மழை விட்டது. பழைய கடித உறையை எடுத்து வந்தார். நைந்துபோன மையில் 'கட்டபெட்டு' மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அதை என் நோட்டில் எழுதினேன். அக்காவின் பெயர், மாமாவின் பெயர், இங்கிருந்து போன வருஷம் எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். "இன்னொரு தடவ வாசிங்க தம்பி" என்றார்.