82 முதல் 96 வரை

அக்டோபர் 14, இரவு

பந்தல்குடி தாண்டியதும் ஆரம்பித்தது. முதலில் சாலைதான் என்று நினைத்தேன். கரிசல் மேல் போட்ட சாலைக்கு அது வழக்கம். மழையில் மண் உப்பும், கோடையில் வெடித்துச் சுருங்கும், மேலே கிடக்கிற தார் அலையலையாகப் படுத்துக்கொள்ளும். குளத்தூரிலிருந்து விளாத்திகுளம் வரை அந்த அலையில் ஓட்டிப் பழகிய கை இது. ஆனால் இது நாலுவழிச்சாலை. அருப்புக்கோட்டை வரை ஸ்டியரிங் கைக்குள் உதறிக்கொண்டே வந்தது. 82-இல் தொடங்குகிறது, 90-இல் உச்சம், 96-க்கு மேல் அடங்கிவிடுகிறது. பிரேக் மிதித்தால் கூடவில்லை, குறையவும் இல்லை. அப்படியானால் டிஸ்க் இல்லை.

இந்த நோட்டு ஆஸ்பத்திரிச் செலவு எழுத வாங்கியது. முதல் பக்கத்தில் மருந்து, மாத்திரை, 21 நாளுக்கு ஒருமுறை என்று ஐந்து தேதிகள். இரண்டாம் பக்கத்திலேயே வண்டி வந்துவிட்டது.

அம்மாவுக்கு முதல் ஊசி ஏற்றியாயிற்று. திரும்பும்போது எட்டயபுரம் வரை தூங்கினாள்.

அக்டோபர் 16

வாந்தி. கஞ்சி மட்டும்.

அக்டோபர் 19

கோவில்பட்டியில் டயர் கடை. சக்கரத்தை மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டால் எந்த இடத்தில் எத்தனை கிராம் வெயிட் வைக்க வேண்டும் என்று திரையில் எண் வருகிறது. முன் இடது சக்கரத்துக்கு 35 கிராம். "ரொம்ப அவுட்டு சார், எப்படி ஓட்டுனீங்க?" என்றான் பையன்.

ஒன்பதாம் வகுப்புக்கு வருஷாவருஷம் மையவிலக்கு விசை நடத்துகிறவன் நான். நூலில் கல்லைக் கட்டிச் சுற்றிக் காட்டியிருக்கிறேனே தவிர, சொந்தக் காருக்குக் கணக்குப் போட்டதில்லை. கடைத் திண்ணையில் உட்கார்ந்து பில்லின் பின்பக்கத்தில் போட்டேன். என் சக்கரத்தின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 90-இல் போனால் விநாடிக்கு 25 மீட்டர். அதாவது விநாடிக்குப் பதின்மூன்று சுற்று. ரிம் ஓரத்தில் வெறும் 20 கிராம் கூடிப்போனால் அந்த வேகத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் இழுக்கும், விநாடிக்குப் பதின்மூன்று தடவை. வேகம் இரு மடங்கானால் இழுப்பு நாலு மடங்கு. பிறகு ஏன் 96-க்கு மேல் அடங்குகிறது? அது ஊஞ்சல் கணக்கு. சக்கரமும் ஸ்பிரிங்குமாகச் சேர்ந்த கட்டுக்குத் தனக்கென்று ஓர் ஆட்டம் இருக்கிறது. அதோடு தாளம் சேருகிற வேகத்தில்தான் உதறும். தாண்டினால் தாளம் தப்பிவிடும். பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பல நாளைக்குப் பிறகு ஒரு விஷயம் முழுசாகப் புரிந்த சந்தோஷம்.

டயர்களை முன்னது பின்னாகவும் பின்னது முன்னாகவும் மாற்றிப் போட்டிருக்கிறான், சீராகத் தேயுமாம். கயத்தாறு போகிற பைபாஸில் ஓட்டிப் பார்த்து, இடைசெவலில் திரும்பினேன். கி.ரா.வின் ஊர். கரிசல் வழக்குக்கு அகராதியே தொகுத்த மனுஷர், இந்த உதறலிலும் நாலு வகை பிரித்து நாலு சொல் கொடுத்திருப்பார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். 90-இல் ஸ்டியரிங் சும்மா கிடந்தது. கை சொன்னது: சரியாகிவிட்டது.

கடலைமிட்டாய் வாங்கிப் போனேன். அம்மா ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, "தகரத்த நக்குன மாதிரி இருக்குய்யா" என்று திருப்பிக் கொடுத்தாள்.

நவம்பர் 2

தலையணையெல்லாம் முடி. அவளே கூட்டிப் பெருக்கி அள்ளினாள்.

நவம்பர் 4

இரண்டாவது ஊசி. ஸ்டியரிங் சும்மாதான் இருந்தது. ஆனால் பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அம்மா முகம் தெளியவில்லை. தலைக்குக் கட்டிய துண்டும் நெற்றியும் கோடு கலைந்து தெரிந்தன. வேகத்தைக் குறைத்தேன், முகம் தெளிந்தது. மறுபடி 90. கலைந்தது. அம்மா கதவுக்கு மேலிருக்கிற பிடியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "என்னம்மா செய்யுது?" என்றேன். "ஒண்ணும் இல்ல, நீ ரோட்டப் பாரு."

நவம்பர் 9

விளாத்திகுளத்தில் ஒரு மெக்கானிக். பானெட்டைத் திறந்த மாத்திரத்தில் "என்ஜின் மவுண்ட் போயிருச்சு" என்றார். மூவாயிரத்துச் சொச்சம். மாற்றினார். வீட்டுக்கு வருகிற வழியில்தான் எனக்கு உறைத்தது: 90-இல் நியூட்ரலுக்குத் தள்ளி என்ஜினைச் சும்மா விட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? பார்த்தேன். அப்போதும் கண்ணாடி ஆடியது. என்ஜினுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. என்ஜின், மவுண்ட் இரண்டையும் இந்த ஒரே சோதனையில் தள்ளியிருக்கலாம். பிள்ளைகளிடம் "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை" என்று தொண்டை வறளச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் பணத்தைக் கொடுத்த பிறகு சோதிக்கிறேன்.

நவம்பர் 17

ராத்திரி நல்ல மழை. உளுந்து எப்படிக் கிடக்கிறது என்று பார்க்கக் காட்டுக்குப் போனேன். வண்டியை வண்டிப்பாதையிலேயே விட்டிருக்க வேண்டும்; ஓடை வரை ஓட்டினேன். ஈரக் கரிசல் விடாது. பத்து எட்டு வைத்தால் செருப்பு தட்டு மாதிரி அகன்றுவிடும். குச்சியால் சுரண்டிச் சுரண்டி நடந்தேன். உளுந்து பரவாயில்லை. பருத்தியில்தான் தண்ணீர் நிற்கிறது.

நவம்பர் 25

மூன்றாவது. இந்தத் தடவையிலிருந்து வேறு மருந்து.

நவம்பர் 28

அம்மா கட்டிலில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "வண்டிய விட்டு எறங்கி மூணு நாளாச்சி, இன்னும் காலு விறுவிறுங்குது."

அவ்வளவு மோசமாகவா ஆடுகிறது வண்டி?

டிசம்பர் 1

தங்கச்சி போன் பண்ணினாள். பேசி முடிக்கிற நேரத்தில், "அண்ணே, பத்து நிமிசமாப் பேசுறோம். ஒம்பது நிமிசம் காரு" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இங்கே இருந்து பார்த்தால் தெரியும், 21 நாளுக்கு ஒருமுறை யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் வைத்துவிட்டேன். வைத்தபிறகு வாசலில் போய் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டிசம்பர் 7

குளத்தூரிலேயே பஞ்சர் ஒட்டுகிற அண்ணாச்சியிடம் காற்று பிடிக்கப் போனேன். அவருடைய அப்பா மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுகிறவர். சின்ன வயசில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். சாணி வரட்டி அடுக்கி, பட்டா செவேலென்று பழுக்கும்வரை எரித்து, இரண்டு பேர் இடுக்கியால் தூக்கி மரச்சக்கரத்தில் மாட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தைக் கவ்வும்போது ஆரக்கால்கள் நெறுநெறுவென்று சத்தம் கொடுக்கும். அதன்பிறகு அந்த மனிதர் சக்கரத்தை உருட்டிவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். மெஷின், திரை, எண் எதுவும் கிடையாது.

மகனிடம் என் கதையைச் சொன்னேன். 82, 96, நியூட்ரல், மவுண்ட் எல்லாம். காற்றுக் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஸ்டியரிங் ஆடுனா முன் சக்கரம். சீட்டு ஆடுனா பின் சக்கரம். பின்னாடி உக்காந்து வாரவுககிட்ட கேட்டீகளா?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"எனக்கு அடியிலதான ஆடுது. எடது பக்கம். ஐப்பசியிலேருந்து."

"ஏம்மா சொல்லல?"

"நீ கேக்கலியே. நல்லாயிருச்சின்னு மிட்டாய் வாங்கிட்டு வந்த."

அது கால் விறுவிறுப்பாக இருக்குமோ என்று சந்தேகம். வண்டிக்குள் வைத்து இன்னொருதரம் கேட்டேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காலுல கேக்காத, அது வீட்டுலயும் ஆடுது. இடுப்புல கேளு. இடுப்புக்குத் தெரியும்."

அக்டோபர் 19 பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். முன்னது பின்னாக என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

டிசம்பர் 8

அண்ணாச்சி பின் இடது சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டார். ரிம்மின் உள்பக்கம், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கரிசல் செங்கல்லாகக் காய்ந்து அப்பியிருந்தது. ஓரிடத்தில் பெரிய பத்தை பெயர்ந்து விழுந்த தடம். அந்த மேடு பள்ளத்தோடேயே மெஷினில் மாட்டியிருக்கிறார்கள். மண்ணை எடை போட்டு, அதற்கு எதிர்ப்பக்கம் 35 கிராம் ஒட்டியிருக்கிறார்கள். மண் விழுந்தது, வெயிட் நின்றது. சரி செய்ததே கோளாறாகிவிட்டது. புரட்டாசி விதைப்புக்கு ஒன்று, கார்த்திகையில் ஒன்று என்று நானும் போய் மண் பூசிக்கொண்டு வந்திருக்கிறேன்.

திருப்புளியால் சுரண்டினோம். தண்ணீர் பீய்ச்சினோம். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அண்ணாச்சி விடவில்லை. சக்கரத்தை மறுபடி மாட்டி, ஜாக்கியில் நிறுத்தியபடியே கையால் சுற்றிவிட்டு, ஒற்றைக் கண்ணை மூடினார். "ஏறி எறங்குது பாருங்க." எனக்குத் தெரியவில்லை. சட்டைப்பையில் கிடந்த சாக்பீஸை எடுத்து டயருக்கு ஒரு நூல் தள்ளி, கல் மேல் கையை ஊன்றி ஆடாமல் பிடித்தேன். சுற்றியது. ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது, மற்ற இடமெல்லாம் கறுப்பு. டயருக்குள் கம்பிக்கட்டு விலகியிருக்கிறது. வட்டம் வட்டமாக இல்லை. இதற்கு எத்தனை கிராம் ஒட்டினாலும் தீராது. பேலன்ஸ் என்பது எடைக்குத்தான், வடிவத்துக்கு இல்லை.

டயர் ஓரத்தில் நாலு எண்: 2216. 2016-ஆம் வருஷம் 22-ஆம் வாரம் செய்தது. தேய்மானத்தைப் பார்த்தால் இன்னும் ஓடும் போலத்தான் இருந்தது.

அண்ணாச்சி காசு வாங்க மாட்டேன் என்றார். "அம்மாவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

டிசம்பர் 10

தூத்துக்குடியில் இரண்டு டயர் வாங்கினேன். மெஷினில் மாட்டும் முன் ரிம்மை நானே துணியால் துடைத்தேன். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

டிசம்பர் 16

நாலாவது. பந்தல்குடி தாண்டி 90. கண்ணாடியில் அம்மா முகம் அசையாமல் இருந்தது. கண்ணிமையில் முடி இல்லை என்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இப்ப எப்படிம்மா?"

"இடுப்புல ஒண்ணும் இல்ல."

கால் பற்றி டாக்டரிடம் சொன்னேன். வண்டி ஆடியதில் வந்தது என்று நினைத்தேன் என்றும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. புது மருந்து நரம்பைத் தொடும், விரல் நுனியிலும் உள்ளங்காலிலும்தான் முதலில் தெரியும் என்றார். ஊசி முடிந்தபிறகு பலருக்கு மெல்ல மெல்லக் குறையும், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள், குளிக்கிற வெந்நீரை வேறொருவர் தொட்டுப் பார்த்துக் கொடுங்கள். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். காட்டுக்குச் செருப்புப் போட்டுப் போகாத பாதம் அது.

திரும்பும்போது எட்டயபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், 100-ஐ ஒட்டி, ஒரு மெல்லிய அதிர்வு இருந்த மாதிரி இருந்தது. இல்லாமலும் இருக்கலாம். கை தேடிப் பழகிவிட்டது.

டிசம்பர் 29

தங்கச்சி வந்திருக்கிறாள். அம்மா காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். என்னிடம் வண்டி பற்றி அவளாகவே கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

ஜனவரி 5

நாளைக்கு ஐந்தாவது ஊசி, அதற்கு முன்னால் ஸ்கேன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள், காலை நாலரைக்குப் புறப்பட வேண்டும். நாலு டயருக்கும் காற்று 33 இருக்கிறது. பழைய ரிப்போர்ட், ஆதார், காலுறை எல்லாம் பையில் வைத்தாயிற்று. முன் சீட்டில் உட்காருகிறாயா என்று அம்மாவைக் கேட்டேன். பின்னாலேயே இருந்துகொள்கிறேன் என்றாள், இடது பக்கம்.