இருபது நிமிஷச் சமையல்

லிஸ்பனில் ருவா டு அர்செனால் தெருவைக் கண்டுபிடிக்க வரைபடம் தேவைப்படவில்லை. பிராசா டு கொமேர்சியு சதுக்கத்திலிருந்து ஐந்து நிமிஷம் நடந்ததும் மூக்கு வழி காட்டியது. கருவாட்டு வாடை. நம் ஊர்க் கருவாட்டின் வீச்சம் இதில் இல்லை, உப்பும் பழைய மரப்பெட்டியும் கலந்த மாதிரி ஒரு மணம்.

கடைக்குள் காட் மீன்கள் தலையில்லாமல், பிளந்து விரித்து, பலகை போல விறைத்து அடுக்கியிருந்தன. இதைத்தான் பக்கல்யாவ் என்கிறார்கள். "எங்கள் தேசத்து மீன்" என்றார் கடைக்காரர். விலைச்சீட்டைப் பார்த்தேன். நார்வே என்று போட்டிருந்தது. போர்ச்சுகல் கரையில் இந்த மீன் கிடையாது. ஒரு காலத்தில் நியூஃபவுண்ட்லாந்து வரை கப்பலில் போய்ப் பிடித்து, உப்பிட்டு எடுத்து வந்தார்கள். கடலில் கெடாமல் வர வேண்டுமே என்று போட்ட உப்பு, ஐஸ் பெட்டி வந்த பிறகும் நாக்கை விட்டுப் போகவில்லை.

தடித்த நடுத்துண்டு வாங்கப் போனேன். கூட வந்த வீட்டுக்கார அம்மா கையைத் தட்டிவிட்டார். பிய்த்துப் போடுகிற சமையலுக்கு ஓரத் துண்டுகளே போதுமாம். கிலோ 11 யூரோ. அரைக் கிலோ வாங்கினோம், 5 யூரோ 50 சென்ட். "ஒரே வாணலி, இருபது நிமிஷம், முடிந்தது" என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

அவர் வீடு பைரு ஆல்டுவில், மேடேறி பதினைந்து நிமிஷ நடை. அன்று மாலை மீன் தண்ணீருக்குள் போனது. இரவு ஒரு தரம், காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம் தண்ணீர் மாற்றினார். மூன்றாம் தண்ணீரையும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். இன்னும் கடல்தான்.

மறுநாள் மாலை உருளைக்கிழங்கு. மும்பையில் சொல்கிற அதே 'படாட்டா'தான் இங்கேயும். எப்போதும் கையால்தான் நறுக்குவேன் என்றார். ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் தீக்குச்சி கனத்தில் பொரித்த கிழங்கு அடைத்த பாக்கெட் ஒன்று எட்டிப் பார்த்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். சிரித்துக்கொண்டே கத்தியை எடுத்தார். நறுக்கி, அலசி, துணியில் ஒற்றி, மூன்று ஈடாகப் பொரித்து எடுக்க நாற்பது நிமிஷம்.

அதற்குப் பிறகு வேகம்தான். ஆலிவ் எண்ணெயில் மெல்லிசாக அரிந்த வெங்காயம், பூண்டு, ஒரு பிரிஞ்சி இலை. வெங்காயம் சிவக்கக் கூடாது, வதங்கினால் போதும். தோலும் முள்ளும் நீக்கிப் பிய்த்த மீன் அதில் விழுந்தது, பின்னாலேயே கிழங்கு. அடுப்பை அணைத்த பிறகுதான் அடித்த முட்டை ஆறையும் ஊற்றினார். இதைத்தான் கவனித்துக் கற்றுக்கொள்ள வேண்டும். வாணலியின் சூடே முட்டையைப் பாதி கட்டவைக்கிறது. அடுப்பு எரிந்திருந்தால் பொடிமாஸ் ஆகியிருக்கும். மேலே கறுப்பு ஆலிவ், பார்ஸ்லி. இந்தப் பகுதியில் மதுக்கடை வைத்திருந்த பிராஷ் என்பவர் செய்த பதார்த்தம் என்று சொல்லி, 'பக்கல்யாவ் ஆ பிராஷ்' என்கிறார்கள்.

மேசைக்கு வந்ததும் வீட்டில் சண்டை. கணவர் அலெந்தேஜு சிவப்பு ஒயினைத் திறந்தார். மற்ற மீனுக்குத்தான் வெள்ளை ஒயின், பக்கல்யாவ் மீன் கணக்கில் சேராது என்பது அவர் கட்சி. இந்த ஊரில் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அம்மா எடுத்தது வின்யு வெர்ட், வடமேற்கே மழை அதிகமுள்ள மினியு வட்டாரத்துச் சரக்கு. கடையில் 3 யூரோ 80. பெயருக்குப் 'பச்சை ஒயின்', ஊற்றினால் வைக்கோல் தண்ணீர் நிறம். வெகுநாள் வைக்காமல் இளசாகவே குடிப்பதால் அந்தப் பெயர் என்று விளக்கினார்.

இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தேன். சிவப்பு, உப்பு மீனுக்குப் பின் நாக்கில் செம்புக்காசு வைத்த மாதிரிக் கசந்தது. பச்சையில் எலுமிச்சைப் புளிப்பு, சோடா போல லேசான சுருசுருப்பு. முட்டையும் எண்ணெயும் படிந்த வாயை அலம்பிவிட்டு அடுத்த கரண்டிக்கு இடம் பண்ணியது. என் ஓட்டு அம்மாவுக்கு. கணவர் ஒன்றும் பேசாமல் என் சிவப்புக் கோப்பையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கிழங்கு சீவியதிலிருந்து தட்டு வரை ஒரு மணி ஐந்து நிமிஷம். மீன் ஊறிய ஒரு நாள் தனி. இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன்: தொட்டியடியில் அதே கிண்ணம், அடுத்த சமையலுக்கு ஒரு துண்டு ஊறிக்கொண்டிருந்தது.